மற்றவர் எழுதிய பதிவும் நீங்கள் வைத்த தலைப்பும்

வாசகரின் கடிதம்

பயிற்சி நிறுவனங்களைப் பற்றி அங்கே படித்தவர்களே கருத்து எழுதும் இணையத்தளம் ஒன்றை, நண்பர் ஒருவருடன் சேர்ந்து நான்கு ஆண்டுகளாக நடத்திவரும் வாசகர் எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயர், நாடு, தளத்தின் பெயர் ஆகியவற்றை விட்டுவிட்டு, சட்டக் கேள்விக்குத் தேவையானவற்றை மட்டும் இங்கே சுருக்கித் தருகிறேன்.

சில மாதங்களுக்கு முன் முன்னாள் மாணவர் ஒருவர் புனைபெயரில் நீண்ட பதிவு ஒன்றை இட்டிருக்கிறார். பாதியில் நின்றவர்களுக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகச் சொன்ன நிறுவனம் தனக்குத் தரவில்லை என்பதும், உடன் படித்து முடித்த ஒருவரின் சான்றிதழை வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில் ஏற்கவில்லை என்பதும் அதன் சாரம். பதிவில் தலைப்பு இல்லாததால் நம் வாசகரே ஒன்றை வைத்திருக்கிறார். சில வசைச் சொற்களை நீக்கியிருக்கிறார். ஒரு வார காலம் முகப்பின் உச்சியில் நிறுத்தியும் வைத்திருக்கிறார். நிறுவனத் தலைவர் மின்னஞ்சல் அனுப்பி, பதிவு முழுவதும் பொய், நீக்குங்கள் என்று கேட்டபோது மூன்று வாரம் பதில் எழுதவில்லை; பிறகு, பயனர்களின் கருத்துக்குத் தளம் பொறுப்பாகாது என்று விதிமுறையிலேயே இருப்பதாக ஒரு வரி எழுதி முடித்துவிட்டார்.

இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. 14 நாளுக்குள் பதிவை நீக்க வேண்டும், எழுதியவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தர வேண்டும், மன்னிப்பு வெளியிட வேண்டும், நஷ்டஈடு தர வேண்டும். தவறினால் தளம் படிக்கப்படும் எல்லா நாடுகளிலும் வழக்குத் தொடரப்படும் என்கிறது அது. பதிவோடு இணைக்கப்பட்ட விளம்பரப் படம் நிறுவனத்துக்குச் சொந்தமானது என்று பதிப்புரிமை பற்றித் தனியாக ஒரு பத்தியும் உண்டு. தங்கள் சர்வர் அமெரிக்காவில் இருப்பதால் யாரும் தொட முடியாது என்கிறார் நண்பர். பதிவுகளில் கைவைத்ததால்தான் இந்த வம்பு, இனிமேல் எதையும் திருத்தாதே என்கிறார் வேறொருவர். எழுதியவரின் எண்ணைக் கொடுத்து விலகிக்கொள்ளலாமா, அல்லது தளத்தையே மூடிவிடலாமா என்று கேட்டு முடிக்கிறார் வாசகர்.

அன்புள்ள வாசகருக்கு,

காலக்கெடு நெருங்குவதால் இந்தப் பதிலின் சுருக்கத்தை உங்களுக்கு முன்பே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கக்கூடிய மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் விரிவாக இங்கே எழுதுகிறேன். நோட்டீஸின் நகலையும், பதிவு முதலில் வந்த வடிவத்தையும், தளத்தில் இப்போது இருக்கும் வடிவத்தையும் அருகருகே வைத்துப் படித்தேன்.

வக்கீல் நோட்டீஸைக் கண்டதும் பதறுவது இயல்புதான். அது தீர்ப்பு ஆகாது. அதில் கேட்டிருப்பதையெல்லாம் கொடுக்க நீங்கள் கடமைப்பட்டவரும் அல்லர். ஆனால் அது உங்கள் கைக்கு வந்த நாளோடு, அப்படி ஒரு புகார் இருப்பதே எனக்குத் தெரியாது என்று சொல்லும் வாய்ப்பு போய்விட்டது. பிறர் இட்ட உள்ளடக்கத்துக்குத் தளம் எப்போது பொறுப்பாகும் என்ற சட்டம், நாட்டுக்கு நாடு எவ்வளவு வேறுபட்டாலும், இரண்டு கேள்விகளைச் சுற்றியே வருகிறது. அந்தப் பதிவைப் பற்றி உங்களுக்கு எப்போது தெரிந்தது? அதில் உங்கள் கை எவ்வளவு பட்டது? உங்கள் நண்பர்கள் சொன்ன யோசனைகள் இந்த இரண்டில் ஏதேனும் ஒன்றைப் பார்க்கத் தவறுகின்றன.

கேள்வி இணையத்தைவிட மூத்தது. அவதூறான செய்தி வந்த பத்திரிகையை விற்ற கடைக்காரர்கள்மேல் தொடுத்த வழக்கு 1885-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலும், தெரிந்திருக்க வேண்டிய காரணம் இல்லாமலும் விற்றவர்கள் பொறுப்பாக மாட்டார்கள் என்று நீதிமன்றம் சொன்னது. 1937-இல் அதே நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு வேறு மாதிரியானது. ஒரு கோல்ஃப் சங்கத்தின் சுவரில் யாரோ ஒரு கேலிப் பாட்டை ஒட்டிவிட்டார்கள். சங்கத்தை நடத்தியவர்கள் அதை எழுதவில்லை. ஆனால் கண்ணில் பட்ட பிறகும், எடுத்துப்போடும் அதிகாரம் தங்களிடம் இருந்தும், அப்படியே விட்டுவைத்தார்கள். எனவே அதை வெளியிட்டதில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று கொள்ளலாம் என நீதிபதிகள் கருதினார்கள். வழக்குத் தொடுத்தவர் முடிவில் தோற்றார் என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டின் பொருள் அவதூறு ஆகாது என்பது காரணம். தீர்ப்பின் முதல் பாதியை மேற்கோள் காட்டும் நோட்டீஸ்கள் இந்த இரண்டாம் பாதியை வசதியாக மறந்துவிடும். வெளியிட்டவர் என்று ஆவது வேறு, குற்றம் இழைத்தவர் என்று ஆவது வேறு.

அமெரிக்க சர்வர் என்ற நம்பிக்கை

உங்கள் நண்பர் சொல்வதில் ஒரு பாதி சரி. அமெரிக்காவில் 1991-இல் கம்ப்யூசர்வ் என்ற இணையச் சேவை நிறுவனம் ஒரு வழக்கில் தப்பியது. பதிவுகளை அது பார்ப்பதே இல்லை, பத்திரிகைக் கடைக்காரரைப் போன்றது என்றது நீதிமன்றம். 1995-இல் அதே வகையான புராடிஜி நிறுவனம் மாட்டிக்கொண்டது. ஆபாசமான பதிவுகளை நீக்கித் தளத்தைச் சுத்தமாக வைத்திருக்க முயன்றதே அதை வெளியீட்டாளர் ஆக்கிவிட்டது என்று நியூயார்க் நீதிமன்றம் ஒன்று கூறியது. கண்ணை மூடிக்கொண்டவருக்குப் பாதுகாப்பு, பொறுப்பாக நடந்தவருக்குத் தண்டனை என்ற இந்த விபரீதத்தைச் சரிசெய்யத்தான் 1996-இல் தகவல்தொடர்பு ஒழுக்கச் சட்டத்தின் 230-ஆவது பிரிவு வந்தது. மற்றொருவர் வழங்கிய தகவலுக்குத் தளத்தை வெளியீட்டாளராகக் கருதக் கூடாது என்றும், தகாத உள்ளடக்கத்தை நல்லெண்ணத்தோடு நீக்குவதற்காகத் தளத்தைப் பொறுப்பாக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. அடுத்த ஆண்டே, புகார் வந்த பிறகும்கூட இந்தப் பாதுகாப்பு நீடிக்கும் என்று ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் விளக்கியது.

இதிலிருந்து, எதையும் திருத்தாதே என்று சொன்னவருடைய யோசனை எங்கிருந்து வருகிறது என்பதும் புரியும். 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் தர்க்கத்தை அவர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார். இங்கிலாந்தின் 2013-ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம், பதிவுகளைப் பார்வையிட்டுத் திருத்தினார் அல்லது நீக்கினார் (மட்டுறுத்தினார்) என்ற ஒரே காரணத்தால் தளம் நடத்துபவர் பாதுகாப்பை இழக்க மாட்டார் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 7-ஆவது பிரிவும் அதே நோக்கில் எழுதப்பட்டது. வசைச் சொற்களை நீக்கியதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை. மாறாக, இனி எதையும் பார்க்கவே மாட்டோம் என்று அறிவிப்பது அடுத்த புகாரில் உங்கள் கவனக்குறைவுக்குச் சாட்சியாக நிற்கும்.

நண்பரின் கூற்றில் தவறாக உள்ள மற்றப் பாதி, சர்வர் இருக்கும் இடம் பற்றியது. நியூ ஜெர்சியில் சர்வர் வைத்திருந்த டவ் ஜோன்ஸ் நிறுவனம் ஆஸ்திரேலியாவில் வழக்குக்கு உள்ளானபோது இதே வாதத்தைத்தான் முன்வைத்தது. படிப்பவரின் திரையில் பதிவு தோன்றும் இடத்தில்தான் அவதூறு நிகழ்கிறது என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2002-இல் அதை நிராகரித்தது. 230-ஆவது பிரிவு அமெரிக்க நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். நிறுவனத் தலைவர் தம் ஊரில் வழக்குத் தொடுத்தால் அங்குள்ள நீதிபதியை அது கட்டுப்படுத்தாது. மற்ற நாட்டு அவதூறுத் தீர்ப்புகளை அமெரிக்காவில் நிறைவேற்றுவதைத் தடுக்கும் சட்டம் 2010-இல் வந்தது உண்மைதான். ஆனால் அது அமெரிக்காவில் சொத்து வைத்திருப்பவருக்குப் பயன்படும். நீங்கள் வாழ்வதும் வங்கிக் கணக்கு வைத்திருப்பதும் அங்கே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அங்கே இருப்பது மாத வாடகைக்கு எடுத்த கொஞ்சம் வன்தட்டு இடம் மட்டும். எல்லா நாடுகளிலும் வழக்கு என்ற மிரட்டலும் அதே அளவுக்கு ஊதிப் பெருக்கியதுதான். நடைமுறையில் நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு நாடுகள்: நீங்கள் வசிப்பது ஒன்று, நிறுவனத் தலைவர் தொழில் நடத்துவது மற்றொன்று.

மற்ற நாடுகள் எங்கே கோடு போடுகின்றன

இந்தியாவில் 2004-இல், ஏல விற்பனைத் தளம் ஒன்றில் பயனர் ஒருவர் ஆபாசக் காணொளியை விற்பனைக்கு இட்டதற்காகத் தளத்தின் தலைமை அதிகாரி கைது செய்யப்பட்டார். அந்த அதிர்ச்சியின் விளைவாகத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு திருத்தப்பட்டு 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு முக்கியமான விளக்கம் கொடுத்தது: தளத்துக்குத் தெரிந்துவிட்டது என்று கொள்வதற்குத் தனிநபரின் புகார் போதாது, நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ வேண்டும். ஆயிரக்கணக்கான புகார்களில் எது நியாயமானது என்று தளமே நீதிபதியாக அமர்ந்து தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது அதன் காரணம். இந்தப் பாதுகாப்பு நிபந்தனைகளோடு வருவது. குறைதீர் அலுவலரை நியமித்து அவர் விவரத்தை வெளியிடுவது போன்ற கடமைகளை 2021-ஆம் ஆண்டு விதிகள் சுமத்துகின்றன. காலக்கெடுக்கள் அவ்வப்போது திருத்தப்படுவதால் நோட்டீஸ் வந்த நாளில் நடப்பில் இருக்கும் விதியைத்தான் பார்க்க வேண்டும். இன்னொரு நிபந்தனை உங்களுக்கு மிக முக்கியம்: தகவலைத் தேர்ந்தெடுப்பதோ மாற்றியமைப்பதோ தளத்தின் வேலையாக இருக்கக் கூடாது. இதைப் பிறகு விளக்குகிறேன்.

2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடப்புக்கு வந்த ஐரோப்பிய டிஜிட்டல் சேவைகள் சட்டம் நடுவழியில் நிற்கிறது. நீதிமன்ற ஆணை தேவையில்லை. ஆனால் எந்தப் புகார் வந்தாலும் தளத்துக்குத் தெரிந்துவிட்டது என்று ஆகிவிடாது. நுணுக்கமான சட்ட ஆராய்ச்சி இல்லாமலே, கவனமுள்ள தளம் ஒன்று சட்டமீறலை அடையாளம் காணும் அளவுக்குப் புகார் துல்லியமாக இருக்க வேண்டும். தலைவரின் முதல் மின்னஞ்சலில் எந்த வாக்கியம் பொய், ஏன் பொய் என்று ஒரு சொல்லும் இல்லை. ஆகவே அந்த மூன்று வார மௌனம் நாகரிகக் குறைவுதான் என்றாலும், அதுவே உங்களைக் கவிழ்த்துவிடாது.

கடுமையான பக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். எஸ்டோனியாவின் டெல்ஃபி செய்தித்தளம், ஒரு படகுப் போக்குவரத்து நிறுவனம் பற்றிய கட்டுரையின் கீழ் வாசகர்கள் எழுதிய மிரட்டல்களை, வக்கீல் கடிதம் வந்த அன்றே நீக்கியது. ஆனாலும் அவை ஆறு வாரம் போல இருந்துவிட்டன என்பதற்காக அதைப் பொறுப்பாக்கியது சரியே என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2015-இல் கூறியது. விதிக்கப்பட்ட இழப்பீடு 320 யூரோதான், கொள்கைதான் பெரிது. அடுத்த ஆண்டு ஹங்கேரித் தளங்கள் தொடர்பான வழக்கில், வன்முறைத் தூண்டுதலோ வெறுப்புப் பேச்சோ இல்லாமல் வெறும் கடுஞ்சொல்லாக இருந்த பதிவுகளுக்குத் தளத்தைப் பொறுப்பாக்கியது கருத்துரிமையை மீறுவது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மலேசியாவில் சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு, தளத்தை நடத்துபவரே வெளியிட்டார் என்ற அனுமானத்தோடுதான் தொடங்குகிறது. மறுக்கும் சுமை நடத்துபவர்மேல் விழுகிறது. நீதித்துறையைப் பற்றி வாசகர்கள் எழுதியதற்காக மலேசியாகினி இணைய இதழுக்கு 2021 பிப்ரவரியில் ஐந்து லட்சம் ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது அந்தப் பின்னணியில்தான்.

உங்கள் பயனரின் பதிவு மிரட்டலும் இல்லை, வெறுப்புப் பேச்சும் இல்லை. பணம் கொடுத்துப் படித்த ஒருவரின் அனுபவம். அந்த வகையில், மேலே சொன்ன கடுமையான எடுத்துக்காட்டுகளிலிருந்து நீங்கள் வெகுதூரத்தில் இருக்கிறீர்கள். பதிவை மட்டும் வைத்துப் பார்த்தால் பல நாடுகளில் உங்களுக்கு நல்ல எதிர்வாதம் உண்டு.

அந்த நான்கு சொற்கள்

ஆனால் வழக்கு பதிவைப் பற்றியது மட்டும் அல்ல. தலைப்பு இல்லாததால் நானே ஒன்றை வைத்தேன் என்று உங்கள் கடிதத்தில் அரை வரியில் சொல்லிக் கடந்துபோயிருக்கிறீர்கள். அந்தத் தலைப்பு இது: 'போலிச் சான்றிதழ் விற்கும் நிறுவனம்'. பதிவை மூன்று முறை படித்தேன். போலி என்றோ விற்பனை என்றோ ஒரு சொல்லை மாணவர் எங்கும் எழுதவில்லை. சான்றிதழை ஓரிடத்தில் ஏற்கவில்லை என்றுதான் எழுதியிருக்கிறார். படிப்புக்கு அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம், வேலை கொடுப்பவர் அந்த நிறுவனத்தை அறியாமல் இருக்கலாம், கேட்ட தகுதி வேறாக இருக்கலாம். நீங்கள் அதை ஒரு குற்றச்சாட்டாக மாற்றிவிட்டீர்கள். நோட்டீஸின் இரண்டாம் பத்தி முதலில் எடுத்துக்காட்டுவதும் இந்தத் தலைப்பைத்தான். எதிர்த்தரப்பு வக்கீல் தம் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

பிறர் எழுதியதற்குத் தளத்தைக் காக்கும் சட்டம் எந்த நாட்டிலும் தளம் தானே எழுதியதைக் காப்பதில்லை. 230-ஆவது பிரிவேகூட மற்றொருவர் வழங்கிய தகவல் என்றுதான் பேசுகிறது. இதற்கு நான் அடிக்கடி காட்டும் எடுத்துக்காட்டு, அறைத்தோழர் தேடும் அமெரிக்கத் தளம் ஒன்றைப் பற்றிய 2008-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பயனர்கள் விரும்பியதை எழுதத் தந்த வெற்றுப் பெட்டிக்குப் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். பாலினம், குழந்தைகள் உண்டா என்பன பற்றித் தளமே வகுத்துக் கட்டாயமாகக் கேட்ட கேள்விகளுக்குப் பாதுகாப்பு இல்லை என்றது. ஒரே பக்கத்தில் ஒரு பகுதி பயனருடையது, இன்னொரு பகுதி தளத்துடையது. உங்கள் பக்கமும் அப்படித்தான் பிளவுபடுகிறது. அந்த வழக்கின் பிற்பகுதி உங்களுக்கு ஆறுதல் தரலாம்: பாதுகாப்பு இல்லை என்று ஆன அந்தக் கேள்விகள் சட்டத்தை மீறவில்லை என்று 2012-இல் அதே நீதிமன்றம் முடிவு செய்தது. பாதுகாப்பு போனால், எல்லாரையும்போல நீங்களும் உங்கள் சொல்லுக்கு நியாயம் சொல்ல வேண்டிய நிலைக்கு வருகிறீர்கள், அவ்வளவுதான். ஆனால் போலிச் சான்றிதழ் விற்கிறார்கள் என்பதற்கு உங்களிடம் நியாயம் என்ன இருக்கிறது? அவதூறு வழக்குகளில், சொன்னது உண்மை என்று காட்டும் சுமை பல நாடுகளில் சொன்னவர்மேல்தான் இருக்கிறது.

முகப்பில் நிறுத்திவைத்தது இதைவிடச் சிறிய சிக்கல். விற்பனைப் பட்டியல்களை முன்னிறுத்துவதும் அவற்றின் தோற்றத்தை மெருகேற்றுவதும் தளத்தை வெறும் இடைநிலையாளர் என்ற நிலையிலிருந்து இறக்கிவிடலாம் என்று, ஈபே விற்பனைத் தளம் தொடர்பான வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2011-இல் சொல்லியிருக்கிறது. அமெரிக்க நீதிமன்றங்கள் தேர்ந்தெடுத்து வெளியிடுவதை இந்த அளவுக்கு எதிராகப் பார்ப்பதில்லை. தானாக இயங்கும் வரிசை அதைத் தூக்கியிருந்தால் சொல்வதற்கு ஏதாவது இருந்திருக்கும். கையால் நிறுத்தியதாக நீங்களே எழுதியிருப்பதால், தலைப்போடு சேர்த்துப் பார்க்கும்போது அது உங்களுக்கு எதிராக எடைபோடும்.

விதிமுறையில் எழுதிவைத்த பொறுப்புத் துறப்பு

இதைப் பலரும் கவசமாக நினைக்கிறார்கள். உங்கள் விதிமுறை உங்களுக்கும் பயனருக்கும் இடையிலான ஒப்பந்தம்; நிறுவனத் தலைவர் அதற்கு ஒப்புக்கொண்டவர் அல்லர், எனவே அவருடைய உரிமையை அது குறைக்காது. அது வேறு விதத்தில் பயன்படும்: பதிவை நீக்கவும், பயனரிடம் விளக்கம் கேட்கவும் உங்களுக்கு அதிகாரம் தருகிறது. புகார் கொடுத்தவருக்கு அதையே பதிலாக எழுதியது வீண். புகார் உங்களை எட்டிவிட்டது என்பதற்கான சான்றையும் நீங்களே அவர் கையில் கொடுத்துவிட்டீர்கள்.

எழுதியவரின் எண்ணைக் கொடுப்பது

வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படவைத்த இடம் இதுதான். புனைபெயரில் எழுதலாம் என்று சொல்லித்தான் அவரை எழுத அழைத்தீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உள்ள நாடுகளில், சட்டப்படியான காரணம் இல்லாமல் எண்ணைக் கொடுத்தால் அந்த மாணவருக்கு உங்கள்மேல் புகார் செய்யும் உரிமை பிறக்கும். ஒரு வழக்கிலிருந்து தப்ப இன்னொரு வழக்கை நீங்களே வாங்கிக்கொள்வீர்கள். அவருக்கு என்ன நேரும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

உரியவருக்கு உரிய வழி இருக்கிறது. பிறர் செய்த தவறில் தன்னையறியாமல் சம்பந்தப்பட்டுவிட்ட ஒருவரிடமிருந்து தவறு செய்தவரின் அடையாளத்தை நீதிமன்ற ஆணை மூலம் பெறலாம் என்று 1973-இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வகுத்த முறையை, அந்தச் சட்ட மரபைச் சேர்ந்த பல நாடுகளும் பின்பற்றுகின்றன. புகாரில் சாரம் இருக்கிறதா, அடையாளம் உண்மையிலேயே தேவையா என்பதை நீதிபதி எடைபோடுவார். ஆணை வந்தால் கொடுங்கள். வருவதற்கு முன் பயனருக்குத் தெரிவித்து, அவர் தம் தரப்பைச் சொல்ல இடம் கொடுங்கள். நோட்டீஸுக்குப் பதில் எழுதும்போது, தரவுகளைப் பத்திரப்படுத்தியிருக்கிறோம், தகுந்த நீதிமன்ற ஆணைக்குக் கட்டுப்படுவோம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

படத்தைப் பற்றி

பதிப்புரிமை தனித் தண்டவாளம்; அவதூறுக்கு எதிரான பாதுகாப்பு இங்கே ஓடாது, 230-ஆவது பிரிவும் அறிவுசார் சொத்தைத் தொடுவதில்லை. அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 512-ஆவது பிரிவு, புகார் வந்ததும் நீக்கும் தளங்களைக் காக்கிறது; ஆனால் புகார் பெறுவதற்கான முகவர் ஒருவரை அங்குள்ள பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்திருக்க வேண்டும். சர்வரை மட்டும் அங்கே வைத்துவிட்டு இதைச் செய்யாமல் விட்ட சிறு தளங்கள் ஏராளம். உங்களுடையதும் அதில் ஒன்று என்று ஊகிக்கிறேன். விமர்சனத்துக்காக ஒரு விளம்பரத்தைக் காட்டுவது நியாயமான பயன்பாடு என்று வாதிடலாம்தான். எனினும் இந்தப் பதிவில் படம் இல்லாமலே செய்தி முழுமையாக இருக்கிறது. படத்தை எடுத்துவிடுங்கள், இது பிடிவாதம் பிடிக்க வேண்டிய இடம் இல்லை.

இப்போது செய்ய வேண்டியவை

முதலில், எதையும் மாற்றுவதற்கு முன், பக்கம் இப்போது இருக்கும் நிலை, மாணவர் அனுப்பிய மூல வடிவம், நீங்கள் செய்த மாற்றங்களின் பதிவேடு, வந்துபோன மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் தேதியோடு சேமித்துவையுங்கள். பிறகு அன்றைக்கே தலைப்பை மாற்றுங்கள். ஒரு முன்னாள் மாணவரின் அனுபவம் என்ற அளவில் நடுநிலையான தலைப்பு போதும். முன்பிருந்த தலைப்பு தளத்தினர் வைத்தது, பதிவரின் சொற்கள் அல்ல, திரும்பப் பெறப்பட்டது என்று கீழே ஒரு குறிப்பும் இடுங்கள். பழைய தலைப்பை அந்தக் குறிப்பில் திரும்ப எழுதி, அவதூறை இன்னொரு முறை வெளியிட்டுவிடாதீர்கள்.

பதிவை என்ன செய்வது? முழுதும் நீக்கினால் உங்கள் ஆபத்து குறையும். உண்மையை எழுதிய ஒருவரின் குரலும் அதோடு போகும். ஒன்றும் செய்யாமல் இருந்தால், அறிந்தும் விட்டுவைத்தார் என்ற 1937-ஆம் ஆண்டுக் கோல்ஃப் சங்கத்தின் நிலைக்கு வருவீர்கள். இரண்டுக்கும் இடையில், இங்கிலாந்தின் 2013-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் காட்டும் வழி எனக்கு நியாயமானதாகப் படுகிறது. அங்கே புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் தளம் அதைப் பதிவருக்கு அனுப்ப வேண்டும். ஐந்து நாளில் அவர் பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லையென்றால் பதிவு நீங்கும். அவர் உறுதியாக நின்றால், புகார்தாரர் அடுத்து நாட வேண்டியது நீதிமன்றம். அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும், இந்த ஒழுங்கில் நடந்தவரை எந்த நீதிபதியும் அலட்சியக்காரர் என்று சொல்லத் தயங்குவார்.

பதிவருக்கு எழுதும்போது ஒன்றைக் குறிப்பாகக் கேளுங்கள். கட்டணத்தைத் திருப்பித் தந்துவிட்டதாகச் சொல்லி நோட்டீஸில் வங்கி ஆவணம் ஒன்றை இணைத்திருக்கிறார்கள். அதன் தேதியைப் பாருங்கள்: பதிவு வெளியானதற்கு ஒன்பது நாள் பிந்தையது. அப்படியானால், பணம் வரவில்லை என்று அவர் எழுதியது எழுதிய அன்று உண்மை. இன்று அது முழு உண்மை இல்லை. பணம் பின்னர் வந்து சேர்ந்தது என்று அவரே ஒரு வரி சேர்க்கச் சம்மதித்தால், நோட்டீஸின் பாதி பலம் போய்விடும். சான்றிதழ் பற்றிய பகுதி அவர் தம் நண்பருக்கு நேர்ந்ததாகச் சொல்வது. அதற்கு ஆதாரம் உண்டா என்று கேளுங்கள், இல்லையென்றால் அந்த இரண்டு வாக்கியங்களை மட்டும் நிறுத்திவைப்பது விவேகம்.

நோட்டீஸுக்கான பதிலை 14 நாளுக்குள், நீங்கள் வசிக்கும் இடத்து வக்கீல் ஒருவர் வழியாக அனுப்புங்கள். நீங்களே எழுதினால் கோபமோ குற்றவுணர்வோ தேவையில்லாத ஒரு வாக்கியத்தை எழுதவைத்துவிடும். தலைப்பை மாற்றியது, படத்தை எடுத்தது, பதிவரிடம் விளக்கம் கேட்டிருப்பது ஆகியவற்றை, எங்கள் உரிமைகளுக்குப் பங்கமின்றி என்ற வழக்கமான தொடரோடு தெரிவித்தால் போதும். தலைப்புக்காக வருத்தம் தெரிவிக்கலாம். நானாக இருந்தால் தெரிவிப்பேன். ஆனால் அவர்கள் அனுப்பியிருக்கும் மன்னிப்பு வாசகத்தில் கையெழுத்திடாதீர்கள். பதிவு முழுவதும் பொய் என்று அதில் ஒப்புக்கொள்கிறீர்கள். அது பொய் என்று உங்களுக்குத் தெரியாது, வங்கி ஆவணமோ வேறு கதை சொல்கிறது. நஷ்டஈட்டுத் தொகை பற்றி இந்தக் கட்டத்தில் பேரம் பேச வேண்டாம்.

உங்கள் நண்பரையும் வக்கீலிடம் அழைத்துச் செல்லுங்கள். நிறுவனமாகப் பதிவு செய்யாமல் இருவர் பெயரில் நடத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். தலைப்பை வைத்தது நீங்கள் என்றாலும், கூட்டாக நடத்துபவர் என்ற முறையில் அவரையும் எதிர்வாதியாகச் சேர்க்க முடியும் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

தளத்தை மூடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏற்கெனவே வெளியானதற்கான பொறுப்பு மூடுவதால் மறையாது. சர்வரில் உள்ளவற்றை இப்போது அழித்தால், வழக்கை எதிர்பார்த்துச் சான்றுகளை ஒழித்தார் என்ற குற்றச்சாட்டு வரும். அதோடு, தலைப்பு மட்டும்தான் உங்களுடையது, மற்றது மாணவர் எழுதியது என்று காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே ஆவணமும் போய்விடும். மூடுவது என்று முடிவெடுத்தால் இந்த விவகாரம் தீர்ந்த பிறகு மூடுங்கள். அதுவரை சர்வர் வாடகையைத் தவறாமல் கட்டிவாருங்கள்.